பதினான்காம் எண்ணின் கைராசி

மார்ச் 4, செவ்வாய்

ஒருவழியாகக் கோப்பு வந்து சேர்ந்தது. "நாளைக்கு அனுப்பிடறோம் மேடம்" என்று இரண்டு மாதமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு வரி என்று ஏழாயிரத்துச் சொச்சம் வரிகள். எல்லோரும் ரத்தப் புற்றுநோய்க்காக எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்டவர்கள்.

சாப்பிடும்போது அண்ணியிடம் சொன்னேன். இதில் அவளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மூன்று வருடத்துக்கு முன் அண்ணன் அங்கே படுத்திருந்தபோது, தினமும் காலையில் "இன்னிக்கு எவ்வளவு?" என்று கேட்டே எல்லாம் அத்துப்படி. மாற்றியதும் வெள்ளணு பூஜ்யத்துக்கு இறங்கும், புது மஜ்ஜை பிடித்துக்கொண்டால் ஏறும், ஐநூறைத் தாண்டி மூன்று நாள் நின்றால் ஆள் தேறிவிட்டார். அவளுக்குப் புரியாதது ஒன்றுதான்: "ஏறினா தெரியத்தானே போகுது, அதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?"

ஏறுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே ரத்தத்தில் வேறு ஏதாவது குறி தெரிகிறதா என்று பார்க்கிறோம், என்றேன். "ரெண்டு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா நான் ரெண்டு நாள் கம்மியா அழுதிருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டில் அண்ணனும் ஒருவன். பெயர்கள் இல்லை, தேதிகள் உண்டு. தேடினால் கண்டுபிடித்துவிடலாம். தேடமாட்டேன் என்று இந்த ஆராய்ச்சியை நடத்தும் பெரிய டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

நிர்வாக அதிகாரி என் மேசைக்கே வந்துவிட்டார். எங்கள் புள்ளிவிவரப் பிரிவில் அவருக்கு 'ஒருபக்கம்' என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் "இதை ஒரு பக்கமா குடுங்களேன்" என்பார். இந்தக் கோப்பில் எந்த ஷிப்டில் எந்த நர்ஸ் என்ற விவரமும் இருப்பது எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருக்கிறது.

"நோயாளி எப்ப தேறினாருன்னு தெரியுது. யாரு பாத்துக்கிட்டாங்கன்னும் தெரியுது. அப்படியே ஸ்டாஃப் பெர்ஃபார்மன்ஸுக்கும் ஒரு பக்கம் போட்டுக் குடுங்க. உங்களுக்கு இது ஒரு வேலையா?"

உங்களுக்கு இது ஒரு வேலையா என்றதும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. சரி என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

கணக்கு அழகாக வருகிறது. முப்பத்தொரு நர்சுகள், ஒவ்வொருவருக்கும் ஓர் எண். ஒருவர் கவனித்த நோயாளிகள் சராசரியாக எத்தனையாவது நாளில் ஏறினார்கள், எத்தனை நாள் காய்ச்சலில் கிடந்தார்கள். அவர் நிறைய ஷிப்ட் பார்த்துக்கொண்ட நோயாளிக்குக் கணக்கில் அதிக எடை. வயது, நோயின் வகை இவற்றால் வரும் வித்தியாசத்தையும் சமன்செய்திருக்கிறேன். நாலு வருடத்துக்கு முன் இதைச் செய்ய எனக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும்.

சில ஷிப்டுகளில் எண் விட்டுப்போயிருந்தது. வார்டுக்கு போன் போட்டேன். ஹெட் சிஸ்டர் எடுத்தார். விட்டுப்போன எண்களைச் சொன்னார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"மேடம், ஒரு நாள் காலையில ஏழு மணிக்கு இங்க வந்து பாருங்களேன். பத்து நிமிஷம்தான். யாருக்கு எந்த பெட்டுன்னு எப்படி பிரிக்கிறோம்னு பாத்துட்டு அப்புறம் கணக்கு போடுங்க."

வருகிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை.

மார்ச் 14, வெள்ளி

அலாரம் அடித்தது. அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். என் அறைக்கும் அந்த வார்டுக்கும் நடுவே ஒரு முற்றம்தான். மதியம் போனால் பிரிக்கிற நேரம் முடிந்திருக்கும். அடுத்த வாரம் பார்க்கலாம். எப்படிப் பிரித்தால் என்ன, எல்லாம் கோப்பில் இருக்கிறதே.

மார்ச் 19, புதன்

எண் 14.

முப்பது பேர் ஒரு கூட்டமாக நிற்கிறார்கள். எண் 14 மட்டும் தனியாகக் கீழே, வெகு கீழே. அவர் அதிகம் கவனித்த நோயாளிகள் மற்றவர்களைவிட ஆறு நாள் தாமதமாக ஏறுகிறார்கள். காய்ச்சல் நாட்கள் இரண்டு மடங்கு. படத்தைத் திரையில் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். இவ்வளவு சுத்தமான வித்தியாசம் என் வேலையில் இதுவரை கிடைத்ததில்லை. சந்தோஷப்பட்டேன், பொய் எழுதுவானேன்.

பெரிய டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இவங்களால லேட் ஆகுதா, இல்ல லேட்டா ஆகறவங்ககிட்ட இவங்க இருக்காங்களா?"

வயதும் நோயின் வகையும் சமன்செய்துவிட்டேன் என்றேன்.

"சரி, நீங்க சொன்னா சரி." அடுத்த நோயாளி காத்திருந்தார்.

மார்ச் 24, திங்கள்

ஒருபக்கத்திடம் இருபத்திரண்டு பக்கம் கொடுத்தேன். குறிகளைப் பற்றிய இருபத்தொரு பக்கத்தைப் புரட்டவே இல்லை, நேராகக் கடைசிப் பக்கம். "இந்தப் பதினாலு யாரு?"

"எனக்குத் தெரியாது சார். எங்களுக்கு எண் மட்டும்தான்."

"பரவாயில்ல, எங்ககிட்ட பட்டியல் இருக்கு."

அந்தப் பக்கத்தின் அடியில் 'இது முதற்கட்ட முடிவு மட்டுமே' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தேன். சின்ன எழுத்தில்.

மார்ச் 26, புதன்

ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களில் புதிதாய்ப் பிறந்தவை எத்தனை பங்கு என்பதுதான் நல்ல குறி. வெள்ளணு ஏறுவதற்கு இரண்டரை நாள் முன்பே அது தலை தூக்குகிறது. பெரிய டாக்டர் கைகொடுத்தார். நல்ல நாள்.

ஏப்ரல் 9, புதன்

அண்ணனுக்கு இன்று அரையாண்டுப் பரிசோதனை. எல்லாம் சரியாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பரிசோதனை முடிந்ததும் பழைய வார்டு வாசலுக்குப் போய் ஸ்பூன் அக்காவைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவான். வார்டில் இருந்தபோது வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியாமல் கிடந்தவனுக்கு, "இன்னும் ஒரு ஸ்பூன், இதான் கடைசி" என்று ஏமாற்றி ஏமாற்றிப் புகட்டியவர். கடைசி என்று பதினைந்து தடவையாவது சொல்வாராம். நோயாளிகள் வைத்த பெயர்தான் ஸ்பூன் அக்கா. அந்த அறைக்குள் ஒருவருக்குத்தான் அனுமதி, அது அண்ணி. நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டியதோடு சரி. அந்த அக்காவை முகக்கவசத்தோடு பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

அண்ணன் வரும்போதே முகம் சரியில்லை.

"ஸ்பூன் அக்காவை வார்டைவிட்டு தூக்கிட்டாங்க. கீழ வெளிநோயாளிங்களுக்கு ரத்தம் எடுக்கற கவுன்ட்டர்ல போட்டிருக்காங்க. எவனோ கணக்கு போட்டானாம். அவங்க பாத்துக்கறவங்கதான் லேட்டா தேறுறாங்கன்னு. பதினாறு வருஷம் அந்த வார்டுல இருந்தவங்க."

பிறகு என்னைப் பார்த்து, "ஏய் கணக்குப்பிள்ளை, உங்க ஆபீஸ்லதானே இருப்பான், யாருன்னு விசாரிச்சு சொல்லு" என்றான்.

தட்டில் இருந்ததைப் பிசைந்துகொண்டே இருந்தேன். "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே" என்றாள் அண்ணி. தலைவலி என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

எவனோ.

ஏப்ரல் 10, வியாழன்

இன்று அலாரம் தேவைப்படவில்லை. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வார்டில் நின்றேன்.

நர்சுகள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை, பத்துப் படுக்கைக்குப் பத்துக் கோடு. ஆய்வகத்திலிருந்து அன்றைய எண்ணிக்கைத் தாள் வந்ததும் ஹெட் சிஸ்டர் அதைப் பார்த்துப் படுக்கைக்கு நேராகப் பெயர் எழுதுகிறார். சாயங்காலம் அழித்துவிடுகிறார்கள். எந்தக் கணினியிலும் ஏறுவதில்லை.

பிரித்து முடித்ததும் என்னிடம் வந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை, களைத்திருந்தார்.

"எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழ, காய்ச்சல், வாய்ப்புண்ணு — இப்படி யாரு ரொம்ப மோசமோ அவங்களை அவகிட்டதான் குடுப்பேன். பதினாறு வருஷமா அப்படித்தான். ஒரு டிகிரி ஏறினாலே கண்டுபிடிச்சிடுவா. எண்ணிக்கை ஏறினதும் அவகிட்ட இருந்து எடுத்து வேற யாருக்காவது குடுத்துட்டு, அடுத்த மோசமானவரை அவகிட்ட தள்ளிடுவேன். ஏறினப்புறம் யாரு வேணா பாத்துக்கலாமே."

ஏறாதவர்கள் எல்லாம் அவரிடம். ஏறியதும் வேறு ஆளிடம். தாமதமாக ஏறுகிறவருக்குத்தான் அவருடைய ஷிப்டுகள் அதிகம். அதிக ஷிப்டுக்கு அதிக எடை போட்டது யார்? நான். ஐயோ, என் கையாலயே போட்டேனே. காய்ச்சல் ரெண்டு மடங்குன்னு எழுதினேனே — அந்தம்மா தவறாம அளந்து தவறாம எழுதினாங்க, அதான் ரெண்டு மடங்கு.

"நான் கூப்பிட்டேனே மேடம்" என்றார் ஹெட் சிஸ்டர். குத்திக்காட்டும் குரல்கூட இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

வாக்கை மீறினேன். அண்ணனுடைய வரிகளைத் தேடி எடுத்தேன்.

ஏறிய நாள்: இருபத்தேழு. காய்ச்சல்: பதினாறு நாள். எண் 14: இருபத்தொரு ஷிப்ட். இருபத்தெட்டாம் நாளிலிருந்து எண் 9, எண் 22, எண் 3. எண் 14 அதற்குப் பிறகு ஒருமுறைகூட இல்லை.

ஆக, அண்ணன் உயிரோடு இருக்கிறான், என் கோப்பில் அவன் அந்த அக்காவுக்கு ஒரு கெட்ட மதிப்பெண். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அவரைக் கீழே இழுத்தவர்களில் இரண்டாவது இடம் என் அண்ணனுக்கு.

ஏப்ரல் 13, ஞாயிறு

எதையும் சொல்லாமல் அண்ணியிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன், ஸ்பூன் அக்கா கடைசிவரை அண்ணனைப் பார்த்துக்கொண்டாரா என்று.

"எங்க? எண்ணிக்கை ஏறினதும் அவங்களை மாத்திட்டாங்க. உங்கண்ணன் ஒரு நாள் பூரா மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டு யார்கிட்டயும் பேசல. தேறினவங்களுக்கு அவங்க கிடைக்க மாட்டாங்கன்னு அந்த வார்டுல எல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரியும். தரை துடைக்கிறவருக்குத் தெரியும். மூன்று வருடமாக ஒரே மேசையில் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடும் அண்ணிக்குத் தெரியும். நான் யாரையும் கேட்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மூன்று நாளாக வேறு எதையும் தொடவில்லை. அன்றன்று காலை எண்ணிக்கை என்ன என்பதிலிருந்து தொடங்கி, அதே நிலையில் இருந்தவர்களை மட்டும் ஒப்பிட்டேன். ஆறு நாள் தாமதம் காணாமல் போய்விட்டது. எண்ணிக்கை ஐம்பதுக்குக் கீழே காய்ச்சலோடு இருந்தவர்களில், அவரிடம் இருந்தவர்கள் தீவிர சிகிச்சைக்குப் போனது மற்றவர்களிடம் இருந்தவர்களைவிடக் குறைவு. சின்ன எண்ணிக்கைதான், அடித்துச் சொல்ல முடியாது. ஒன்றைச் சொல்லலாம். அவர் கீழே இல்லை. எப்படிப் புரட்டிப் போட்டுப் பார்த்தாலும் கீழே இல்லை.

ஏப்ரல் 23, புதன்

ஒருபக்கத்திடம் போனேன். புத்திசாலித்தனமாக ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு போனேன். முழுவதும் படித்தார். அவர் கெட்டவர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

"முதல் தடவை நீங்க சொன்னதை நம்பினேன். அது தப்புங்கறீங்க. ரெண்டாவது தடவை சொல்றது சரின்னு நான் எதை வெச்சு நம்புறது?"

நியாயமான கேள்வி. அதை முதல் தடவையே கேட்டிருக்கலாமே சார், என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் கேட்டிருந்தாலும் நான் என்ன சொல்லியிருப்பேன்? வயதும் நோயின் வகையும் சமன்செய்துவிட்டேன் என்றிருப்பேன்.

இன்னொன்றும் தெரிந்தது. என் கடைசிப் பக்கம் அவர்களுக்குப் பிடித்துப்போய், இனி மாதாமாதம் எல்லா நர்சுகளுக்கும் அதே கணக்கைப் போட்டு ஒட்டப்போகிறார்கள். ஏப்ரல் பட்டியல் ஏற்கெனவே வார்டில் தொங்குகிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

பெரிய டாக்டர் மேலிடத்துக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றார். "சரியான கேள்வியைத்தான் கேட்டேன். பதில் வரவரைக்கும் நிக்கல" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. கையெழுத்துப் போடும் இடத்தில் என் பெயரும் இருக்கட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மே 5, திங்கள்

அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தான். அந்தக் கணக்கைப் போட்டவன் யார் என்று கேட்டாயே, நான்தான், என்றேன். முதலில் சிரித்தான், நான் ஏதோ விளையாடுகிறேன் என்று. பிறகு கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே வைத்தான்.

எல்லாவற்றையும் சொன்னேன். பலகை, ஷிப்ட், எடை. தவறு எப்படி நடந்தது என்பதை அவ்வளவு தெளிவாக விளக்கினேன், கேட்டால் பாராட்டத் தோன்றும். அவன் குறுக்கே ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நான் லேட்டா தேறினதும் அதுல இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"அப்ப, நான் சாகாம கிடந்தேனே இருபத்தேழு நாள், அதை அவங்க தப்புன்னு எழுதியிருக்கே."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இல்லைன்னு எப்படிச் சொல்றது? அதைத்தானே எழுதினேன். வார்த்தை வேற, அவ்வளவுதான்.

செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டான். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தான், என்னோடு பேசவில்லை.

மே 12, திங்கள்

ஒரு வாரமாகிறது. உப்பை எடு, கதவைச் சாத்து, அவ்வளவுதான் அண்ணனின் பேச்சு. கணக்குப்பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. அண்ணிதான் இரண்டு பேருக்கும் நடுவில் தூது. "போய் அவங்ககிட்டயே சொல்லிடு. இவர்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது?" என்றாள். அவள் சொல்வது சரி. எனக்குப் பயமாக இருக்கிறது.

மே 20, செவ்வாய்

போனேன். கவுன்ட்டர் சாத்தும் நேரம் பார்த்து, கடைசி ஆள் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். முகக்கவசம் இல்லாமல் இன்றுதான் பார்க்கிறேன். நான் நினைத்துக்கொண்டிருந்ததைவிட வயதானவர். சின்ன உருவம். குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

யாரென்று சொன்னேன். அவருக்கு என் அண்ணன் உடனே நினைவுக்கு வந்துவிட்டான். "ஏழாம் பெட்டா? அடேயப்பா, அவரு ஒரு ஸ்பூனுக்கு ஒன்பது கேள்வி கேப்பாரே. இப்ப காரம் சாப்பிடறாரா?"

சாப்பிடுகிறான் என்றேன். பிறகு, வந்த விஷயத்தைச் சொன்னேன். எழுதிவைத்து மனப்பாடம் செய்துகொண்டு போனது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "அந்தக் கணக்கை நான்தான்க்கா போட்டேன். தப்பாப் போட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

குழாயைத் தாங்கியில் செருகினார். அடுத்ததை எடுத்து அதிலும் பெயரை ஒட்டினார்.

"என் நம்பர் பதினாலுன்னே எனக்குத் தெரியாதும்மா. அவங்க அந்தப் படத்தைக் காட்டிதான் சொன்னாங்க, இந்தப் புள்ளி நீங்கன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணு சொல்லட்டா? மாத்தினதுகூட பெருசா படல. கால் வலிக்கு இது சௌகரியம்தான். ஆனா அந்தப் படத்தைப் பாத்துட்டு நான் நம்பிட்டேன். படிச்சவங்க போட்டது, தப்பா இருக்காதுன்னு. ஒரு வாரம் தூங்கல. போயிட்டாங்களே, அவங்க ஒவ்வொருத்தரையா நினைச்சு நினைச்சுப் பாத்தேன். அன்னிக்கு கை சரியா கழுவினோமா, ஊசி லேட் ஆச்சா... நம்ம கைராசிதான் சரியில்லையோ, வேற யாராவது பாத்திருந்தா பொழைச்சிருப்பாங்களோன்னு."

சாதாரணமாகத்தான் சொன்னார், குழாய்களை அடுக்கிக்கொண்டே. நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அவர்தான் பஞ்சு எடுத்துக் கொடுத்தார். முகம் துடைக்க.

மே 21, புதன்

கைராசி என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், இந்தக் காலத்திலும் இப்படியா என்று சிரித்திருப்பேன். அதையேதான் நான் இரண்டு தசம இடத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு வாரத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க எந்தக் கணக்கிலும் வழியில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பெரிய டாக்டரின் கடிதம் வேலை செய்திருக்கிறது. இடமாற்றத்தை ரத்து செய்யலாமாம். "விருப்பமிருந்தால் பழைய வார்டுக்குத் திரும்பலாம்" என்று ஓலை போயிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் உரக்கச் சொன்னேன், அண்ணன் காதில் விழட்டும் என்று. விழுந்தது. டிவி சத்தத்தைக் குறைத்தான்.

ஜூன் 16, திங்கள்

ஹெட் சிஸ்டரைப் பார்க்கப் போயிருந்தேன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் காலை ஏழுக்குப் போகிறேன். யாரும் கூப்பிடுவதில்லை, நானாகத்தான்.

பலகைக்கு முன்னால் ஒரே சலசலப்பு. நாலாம் படுக்கையில் எண்ணிக்கை இருபது. ஒருத்தி, "போன மாசமே என் மார்க் இறங்கிடுச்சு சிஸ்டர், இந்தத் தடவை என்னை விட்டுடுங்க" என்றாள். இன்னொருத்தி தனக்கு நாலாவது கட்டிலா என்று கேட்டுவிட்டு, ஏறிக்கொண்டிருக்கும் எட்டாம் படுக்கையைக் கேட்டாள். கெட்டவர்கள் இல்லை. இருவருமே நன்றாக வேலை செய்கிறவர்கள் என்று ஹெட் சிஸ்டரே சொல்லியிருக்கிறார். அவர்கள் என் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

"முன்னெல்லாம் மோசமானவங்களை யாருக்குக் குடுத்தாலும் அது ஒரு பெருமை மேடம். இவளை நம்பிக் குடுக்கறாங்கன்னு. இப்ப தண்டனை மாதிரி பாக்கறாங்க" என்றார்.

ஜூலை 1, செவ்வாய்

ஸ்பூன் அக்கா வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

மதியம் கவுன்ட்டருக்கு ஓடினேன். என்னால்தானே, மன்னிச்சிடுங்க, வாங்கக்கா, இப்ப எல்லாம் சரியாயிடுச்சு என்று என்னென்னவோ உளறினேன்.

"உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீயாவது நேர்ல வந்தே. ஆனா இனிமே ஒருத்தர் வாயில ஸ்பூனை வெக்கும்போது இது எந்தக் கணக்குல ஏறும்னு ஒரு நினைப்பு வரும். வராம இருக்காது. அந்த நினைப்போட என்னால அந்த வேலை பாக்க முடியாது. இங்க ஒரு நிமிஷம், ஒரு குழாய், போயிட்டே இருப்பாங்க." பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். வெகுநாளுக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தான். "நீ வேணும்னு பண்ணலன்னு தெரியும்" என்றான். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. எனக்கு அதுவே அதிகம்.

ஜூலை 9, புதன்

ஆய்வுக் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். தட்டணுக் குறி, இரண்டரை நாள். கடைசிப் பக்கத்தை நான் எப்போதோ எடுத்துவிட்டேன். அண்ணி கேக் வாங்கட்டுமா என்றாள். வேண்டாம் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

விடாமல் மோதியதில் ஒன்று நடந்திருக்கிறது. தாமதமாக ஏறுவதை நர்சின் கணக்கில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். பலகையில் எழுதி அழிப்பதும் இனி இல்லை. எந்தப் படுக்கை யாருக்கு என்பது தினமும் கணினியில் ஏறும். அதற்குப் படிவம் வரைந்து தரச் சொன்னார்கள். படுக்கை, மாற்றி எத்தனையாவது நாள், காலை எண்ணிக்கை, காய்ச்சல், நர்ஸ். கடைசியாக என் சொந்த யோசனையில் ஒரு கட்டம்: 'இவரிடம் ஏன் கொடுக்கப்பட்டது?'

கோப்பில் இல்லாமல் போனது அது ஒன்றுதான். ஹெட் சிஸ்டரின் மனதில் இருக்கும் காரணம் அங்கே வந்து உட்காரட்டும். என்னைப் போல இன்னொருத்தி நாளைக்கு இந்தக் கோப்பைத் திறந்தால் அவளுக்காவது தெரியட்டும். ஒருபக்கம்கூட நல்ல யோசனை என்றார்.

ஜூலை 30, புதன்

ஹெட் சிஸ்டர் இன்றோடு ஓய்வு. புதியவர் நல்ல மாதிரி, கணினியில் கெட்டிக்காரர். சச்சரவு வரக்கூடாது என்று, யாருக்கு எந்தப் படுக்கை என எல்லோருக்கும் பொதுவாக ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

புதிய படிவத்துக்கு இன்று முதல் நாள். ஏழே காலுக்கெல்லாம் என் திரைக்கு வந்துவிட்டது. பத்து வரியும் நிரம்பியிருக்கிறது, ஒரு கட்டம்கூட விடுபடவில்லை.

ஏழாம் படுக்கை. பதினோராம் நாள். வெள்ளணு முப்பது. காய்ச்சல் நூற்று மூன்று, வாய்ப்புண் உண்டு. நர்ஸ்: எண் 33, வேலையில் சேர்ந்து மூன்று வாரம். இவரிடம் ஏன் கொடுக்கப்பட்டது: சுழற்சி முறை.

மற்ற ஒன்பது வரியிலும் அதேதான் இருந்தது.